விசாரணைக்கு ஒரு நாற்காலி

இந்தத் தடவ நாற்காலி போடல தாயி, கோவிச்சுக்கிறாதீக. பாயில உக்காருங்க. காலையிலதான் தட்டிப் போட்டேன், சுத்தமா இருக்கும். செருப்பக் கழட்ட வேணாம், அப்படியே வாங்க. கழட்டிட்டீகளா, சரி.

நாற்காலி ஏன் இல்லைன்னு கேப்பீக. போன தடவ வேற ஒரு சாரு விசாரணைக்கு வந்தப்ப இருந்துச்சு. ஒண்ணுக்கு ரெண்டா இருந்துச்சு. அதனாலதான் எனக்குப் பென்சன் இல்லைன்னு ஆயிருச்சுங்குறா பாத்திமுத்து. பாத்திமுத்து பக்கத்து வீட்டுக்காரி, இந்தச் செவத்துக்கு அங்கிட்டு இருக்கா. தலையாரி வந்து நீங்க வர்றதச் சொல்லிட்டுப் போனதுலயிருந்து எனக்குப் பாடம் எடுக்குறா. 'வர்ற அம்மாவுக்கு ஒண்ணும் குடுக்காத. தொணதொணன்னு பேசாத. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. பழைய சேலையக் கட்டிக்க.' நானும் எல்லாத்துக்கும் சரி சரின்னேன். சேல பழசுதான், பாருங்க. ஆனா வெயில்ல வந்தவுகளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம எப்படிப் பேச ஆரம்பிக்கிறது. பிடிங்க. பானைத் தண்ணி.

எழுதிக்கோங்க. பேரு குருவம்மா. வயசு அறுவத்தி ஆறு. ஆதாருல அறுவத்தி மூணுன்னு இருக்கும், அதையே எழுதுங்க, எதுக்கு வம்பு. வீட்டுக்காரரு பேரு சங்கிலி. செத்து ஆறு வருசமாச்சு. பிள்ள குட்டி கெடையாது. இந்தக் காம்பவுண்டுல இருவது வருசமா இருக்கேன், வாடக வீடுதான். வீட்டுக்காரரு, அதாவது இந்தக் காம்பவுண்டுக்காரரு, நல்ல மனுசன். ஆனா அவரும் எம்புட்டு நாளைக்குத்தான் பொறுப்பாரு. 'ஆச்சி, பென்சன் என்னாச்சு'ன்னு மாசா மாசம் கேக்குறாரு. பென்சன் வரலைன்னா தை மாசத்துக்கு மேல வேற எடம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு. வேற எடம்னா எங்கன்னு அவருஞ் சொல்லல, எனக்குந் தெரியல. அதான் விசயம். அதுக்குத்தான் கலெக்டராபீசு வரைக்கும் போயி மனுக் குடுத்தது.

எங்க வீட்டுக்காரரு கல்யாணச் சமையல் மாஸ்டரு. நான் பந்தி பரிமாறுறவ. சும்மா சொல்லல, முன்னூறு பேரு உக்காந்த பந்தியில எந்த எலையில எது தீந்துபோச்சுன்னு மண்டபத்து வாசல்ல நின்னே சொல்லிருவேன். அவுக கேக்குறதுக்கு முந்தி போட்டுரணும். ஒரு ஆளு வாயத் தொறந்து 'சாம்பாரு'ன்னு கேட்டுட்டா அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்காது. முப்பது வருசம் அப்படிப் பழகிருச்சு. போடத் தெரியும். கேக்கத் தெரியாது.

ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா தாயி? யாரு சமையல்? ஆங், அவனா. அவன் ரசத்துல பெருங்காயத்த அள்ளிக் கொட்டுவான். சரி சரி, நீங்க எழுதுங்க.

எங்க வீட்டுக்காரரு போனப்பெறகும் நான் பந்திக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். மூட்டு ரெண்டும் போயிருச்சு. வாளியத் தூக்கிக்கிட்டு குனிஞ்சு நிமிர முடியல. காண்ட்ராக்டரு கொஞ்ச நாளு என்னைய வெத்தல பாக்குத் தட்டுக்கிட்ட உக்கார வச்சாரு. பெறகு கூப்பிடல. அவரத் தப்புச் சொல்ல மாட்டேன். உக்காந்திருக்க ஒரு ஆளு எதுக்கு.

ரேசன் அரிசி இருக்கு. ஆனா அரிசி மட்டும் இருந்தாப் போதுமா. கோயில்ல மத்தியானம் அன்னதானம் போடுறாகன்னு போனேன். டோக்கனுக்கு வரிசை நிக்கிது. அதுல பாதிப்பேரு நான் எலை போட்டுப் பரிமாறுன ஆளுக. எப்படிப் போயி நிக்கிறது சொல்லுங்க. நேரா உள்ள போயி பொரியல் வாளியத் தூக்கிட்டேன். 'சேவைக்கு வந்திருக்கேன்'னு சொன்னேன். கடைசிப் பந்தியில அவுகளே 'நீங்களும் உக்காருங்கம்மா'ன்னாக. அப்படியே நாலு மாசம் ஓடுச்சு. ஒரு நாளு மூட்டு மடங்கி வாளியோட விழுந்துட்டேன். முட்டக்கோசுப் பொரியல் பூராத் தரையில. அங்க மேனேஜரு ஓடி வந்து தூக்கிவிட்டு, 'இனிமே சேவையெல்லாம் வேணாம்மா, பேசாம டோக்கன் வாங்கிட்டு வந்து சாப்பிடுங்க'ன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. நான் அதோட போறதில்ல.

அங்க பழக்கமான ஒரு பொம்பளதான் பென்சனப் பத்திச் சொன்னது. ஆதரவில்லாத வயசானவுகளுக்கு சர்க்காரு குடுக்குது, இ-சேவையில போயிப் பதிஞ்சிட்டு வான்னு. போனேன். அங்க கம்ப்யூட்டருல ஒரு சின்னப் பொண்ணு. எல்லாங் கேட்டுட்டு, 'ஒங்களுக்கு ஆதரவு யாரும் இருக்காகளா'ன்னு கேட்டா. பின்னால பத்துப் பேரு நிக்கிறாக. மெதுவா இல்லைன்னேன். 'கேக்கல பாட்டி, சத்தமாச் சொல்லுங்க'ங்குறா. தலைய மட்டும் ஆட்டுனேன். புரிஞ்சுக்கிட்டா.

ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு ஒரு போன் வந்துச்சு. 'நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணைக்கு வர்றோம், வீட்டுல இருங்கம்மா'ன்னு ஒரு ஆம்பளக் கொரலு. ஒங்களுக்கு முந்தி இங்க இருந்தாருல்ல, அந்த சாரு. வீட்டுல இருங்கன்னு சொல்றாரு. நான் எங்க போகப்போறேன். ஆனா அப்படி ஒருத்தரு நம்மகிட்டச் சொல்லி எம்புட்டு நாளாச்சு. வெளிய போயிராதீக, நான் வர்றேன், காத்திருங்க. எனக்கு அன்னைக்குப் பூராக் கையும் ஓடல காலும் ஓடல.

அப்ப இந்த வீட்டுக்குள்ள ஆளு வந்து ஒரு வருசம் இருக்கும் தாயி. பாத்திமுத்து வருவா, ஆனா வாசப்படியோட சரி, அடுப்புல எதையாச்சும் வச்சிட்டு வந்திருப்பா. வந்து உக்காந்து பேசுறது வேற. அதனால நானும் நம்ம மொறைக்குச் செஞ்சேன். பாத்திமுத்து வீட்டுலயிருந்து ரெண்டு நாற்காலி தூக்கியாந்தேன். அவ மேசை ஃபேனையும் வாங்கியாந்து வச்சேன். ரேசன் சீனி இருந்துச்சு, சேமியாப் பாயசம் காய்ச்சினேன். உளுந்து ஊறப்போட்டு வடை. பெட்டியிலயிருந்து அரக்குச் சேல எடுத்துக் கட்டினேன். கழுத்து மூளியா இருந்துச்சுன்னு பாத்திமுத்து மருமக அவ செயினக் கழட்டிப் போட்டுவிட்டா. அவளாப் போட்டதுதான், நான் கேக்கல.

வந்தாரு. நல்ல மனுசன். தங்கமான மனுசன்னே சொல்லலாம். நாற்காலியில உக்காந்தாரு, ஃபேனப் போட்டேன். ரெண்டு வடை தின்னாரு. பாயசம் போதும்மான்னு கையால மறைச்சாரு, வெரலு சந்துல ஊத்திட்டேன். சிரிச்சுட்டாரு. முக்கா மணி நேரம் இருந்தாரு தாயி. பேப்பர வச்சு நாலு கேள்வி கேட்டாரு, சொன்னேன். மத்தபடி பேச்சுவாக்குல நம்ம சொந்தபந்தத்தப் பத்தி ரெண்டு வார்த்த. அது விசாரணை இல்ல, சும்மா பேச்சு. போறப்ப, 'வர்றேம்மா, ஒடம்பப் பாத்துக்கங்க'ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இம்புட்டு மரியாதையா வந்துட்டுப் போனவரு பென்சன இல்லைன்னு எழுதுவாரா? எழுத மாட்டாரு. எவளோ கலைச்சிருக்கணும்.

எவளுன்னு எனக்குத் தெரியும். ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. எதித்த வீட்டு சவுந்தரம்.

எப்படித் தெரியும்னா, அந்த சாரு எங்க வீட்ட விட்டு எறங்குறப்ப அவ வாசல்ல நின்னா. சாரு அவகிட்ட நின்னு பேசினாரு. நான் சன்னல் வழியாப் பாத்தேன். இவ கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றா, அவரு குறிச்சுக்கிறாரு. மூணு மாசங் கழிச்சு இ-சேவைக்குப் போயிக் கேட்டா, நிராகரிச்சாச்சுங்குறாக. வசதியா இருக்காகளாம், ஆதரவு இருக்காம். எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. வடை சுட்ட வாசம் அவ வீட்டுக்குப் போயிருக்கும். நாற்காலி போனதப் பாத்திருப்பா, செயினப் பாத்திருப்பா. வயித்தெரிச்சலு. அவளும் பென்சனுக்குப் போட்டிருந்தா, மகன் இருக்கான்னு தள்ளிட்டாக. நமக்குக் கெடைக்காதது இவளுக்கெதுக்குன்னு ஊதிவிட்டுட்டா.

அன்னையிலயிருந்து அவகூடப் பேச்சுவார்த்த கெடையாது. எட்டு மாசம். முந்தியெல்லாம் சாயங்காலமானா நாடகம் பாக்க அவ வீட்டுக்குத்தான் போவேன். எங்கிட்ட டிவி இல்ல. ரெண்டு பேரும் செவத்துல சாஞ்சுக்கிட்டு அந்த மாமியாக்காரியத் திட்டுவோம். இப்ப நான் கதவச் சாத்திக்கிருவேன். சத்தம் மட்டும் கேக்கும். கொரல வச்சு யாரு யார வையிறான்னு கண்டுபிடிச்சுக்கிருவேன். நாடகத்துல வர்ற அந்த மூத்த மருமக கொரலு ரெண்டு வாரமாக் கேக்கல. செத்துட்டாளா, வீட்ட விட்டுப் போயிட்டாளான்னு தெரியல. யாருகிட்டக் கேக்குறது.

பிள்ளையாரு சதுர்த்திக்குக் கொழுக்கட்ட குடுத்துவிட்டா, பாத்திமுத்துகிட்ட. அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். செய்யிறதையும் செஞ்சிட்டுக் கொழுக்கட்ட வேற. நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது தப்பா?

என்ன தாயி, பையில என்னத்தத் தேடுறீக? பழைய பைலா? அந்த சாரு எழுதினதா? அதுல இருக்குமே, யாரு சொன்னான்னு இருக்குமே. வாசிங்க. கண்ணாடி இருந்தா நானே வாசிப்பேன், நீங்களே வாசிங்க. மெதுவா.

'மனுதாரரின் தம்பி மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தி வருவதாகவும்.' ம். 'வாரந்தோறும் தொலைபேசியில் பேசி, தன்னுடன் வந்து தங்குமாறு வற்புறுத்தி வருவதாகவும்.' ம். 'அக்கம்பக்கத்தினர் வேளாவேளைக்கு உணவு கொடுத்து வருவதாகவும், தமக்கு எவ்விதக் குறையும் இல்லை எனவும்.' சரி. இதெல்லாம் யாரு சொன்னதாம்?

மனுதாரர் தெரிவித்தார்.

நாந்தான மனுதாரரு.

இருங்க. இன்னும் இருக்கா? சவுந்தரம் பேரு இருக்கா? அத வாசிங்க. 'அண்டை வீட்டில் வசிக்கும் சவுந்தரம் என்பவர், மனுதாரர் மிகுந்த சிரமத்தில் இருப்பதாகவும், ஒரு வேளை உணவு மட்டுமே உண்டு வருவதாகவும், உறவினர் எவரும் வந்து பார்ப்பதில்லை எனவும் கூறினார். எனினும் மனுதாரரின் சொந்த வாக்குமூலம் இதற்கு மாறாக உள்ளது.'

இன்னொருக்க வாசிங்க, அந்த ஒரு வேளைங்குறத.

அது எப்படி அவளுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. அவ வீட்டுக்குப் போறப்பெல்லாம் இப்பத்தான் சாப்பிட்டேன், வயிறு திம்முனு இருக்குன்னுதான் சொல்லுவேன். அவ வாசல்லயிருந்து பாத்தா எங்க கொழாயடி தெரியும். ஒரு நாளைக்கு எத்தன தடவ பாத்திரம் வெளக்குறேன்னு பாத்திருப்பா. ஆமா, அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். அத மனசுல வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு நாளும் கேக்கல, பாருங்க. கேட்டா நான் சங்கடப்படுவேன்னு தெரியும்.

அந்தக் கொழுக்கட்டைய நான் வாங்கியிருக்கலாம்.

அந்த சாரு மேல தப்பில்ல தாயி. நடந்தத நான் சொல்றேன். அவரு வடையப் பிட்டு வாயில வச்சிட்டு, 'தனியாவாம்மா இருக்கீங்க'ன்னு கேட்டாரு. கேட்டுட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாரு. பாவமாப் பாத்தாரு. என் பலகாரத்தத் தின்னுக்கிட்டு என்னையப் பாவமாப் பாக்குறாரே, எனக்குப் பொறுக்கல. 'தனியா எங்க சாரு'ன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சது நிக்கல. அவரு கேக்கக் கேக்க எனக்கே நெசம் மாதிரி இருந்துச்சு. தம்பி மகன் ஞாயித்துக்கிழமயானா போன் பண்ணுறான்னு அவருகிட்டச் சொன்னேன்ல, சொல்லிட்டு மறு ஞாயித்துக்கிழம நான் போனப் பக்கத்துலயே வச்சிருந்தேன். கிறுக்குத்தான்.

தம்பி மகன் கம்பெனி நடத்தல. கம்பெனியில வேல பாத்தான். இப்ப அங்க இருக்கானான்னு தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குக் கருமாதி செய்ய வந்தவன்தான், மொட்டத் தலையோட பஸ் ஏறுனான். தம்பி போயி பதினஞ்சு வருசமாச்சு, அவனுக்கு மட்டும் என்ன ஒட்டு இருக்கும். எம்போன்ல காசு போட்டு அஞ்சு மாசமாச்சு. யாரு கூப்பிட்டாலும் இப்ப வராது. வராம இருக்குறதுக்கு அது ஒரு காரணமாச்சுன்னு அப்படியே விட்டுட்டேன்.

எழுதுங்க தாயி. இந்தத் தடவ நான் சரியாச் சொல்றேன். பாத்திமுத்து சொல்லிக்குடுத்ததில்ல, நானாச் சொல்றேன்.

எனக்கு யாரும் இல்ல.

சத்தமாத்தான் சொன்னேன்ல? கேட்டுச்சுல்ல? எழுதிட்டீகளா. எங்க கையெழுத்து, இங்கயா. குருவம்மான்னு எழுதத் தெரியும், கைநாட்டு வேணாம்.

இன்னும் என்ன? சாட்சியா? ரெண்டு பேரா?

இது நல்லா இருக்கே. எனக்கு யாருமில்லைன்னு சொல்ல எனக்கு ரெண்டு பேரு வேணுமா? சிரிக்காதீக தாயி. நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது. ஒண்ணு பாத்திமுத்து இருக்கா. இன்னொண்ணுக்கு எங்க போவேன். இந்தக் காம்பவுண்டுல பாக்கிப்பேரு பூரா வேலைக்குப் போயிட்டாக. இந்த நேரத்துல வீட்டுல இருக்குறது அவதான்.

எட்டு மாசமாச்சு. என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது.

இருங்க, வர்றேன். நீங்க எந்திரிக்காதீக.

பாத்தீகள்ல தாயி, வந்துட்டா. கொழம்புக் கரண்டியக் கையில வச்சுக்கிட்டே வந்துட்டா. 'சவுந்தரம், ஒரு கையெழுத்து'ன்னுதான் சொன்னேன், எதுக்குன்னு கூடக் கேக்கல. நீங்க வாசிச்சுக் காட்டுனீக, 'இவருக்கு உறவினரோ ஆதரவாளரோ எவரும் இல்லை என்பதை நாங்கள் அறிவோம்'னு. பாத்திமுத்து, 'அப்ப நாங்க யாராம்'னு முனங்கிக்கிட்டே போட்டா. சவுந்தரம் எங்க போடணும்னு கேட்டா. நீங்க காட்டுன எடத்துல போட்டா. பேனாவ மூடிக் குடுத்தா.

ஒரு நிமிசம் நிறுத்துவான்னு பாத்தேன் தாயி. எழுதியிருக்கத ஒரு தடவ பாத்துட்டு, இதெப்படி நான் போடுறதுன்னு ஒரு வார்த்த. நிறுத்தல. எனக்காகத்தான் போட்டா, எனக்குத் தெரியுது. அவ நிறுத்தியிருந்தா எனக்குப் பென்சன் இல்ல, அதுவுந் தெரியுது. இருந்தாலும் ஒரு நிமிசம் நிறுத்தியிருக்கலாம்.

மன்னிச்சுக்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வரல. நாடகம் எத்தன மணிக்குன்னு கேட்டேன். எனக்குத் தெரியாதா அது. 'அதே ஏழரைதான்'னுட்டுப் போயிட்டா. வான்னுஞ் சொல்லல, வராதன்னுஞ் சொல்லல.

கெளம்புறீகளா? வரக்காப்பி போடலாம்னு அடுப்புல தண்ணி வச்சேனே. சரி, ஒங்களுக்கு இன்னும் எத்தன வீடோ. போன் நம்பரு வேணுமா? என் நம்பரு வேணாம், அது செத்துப்போச்சு. சவுந்தரம் நம்பரக் குறிச்சுக்கங்க, மனப்பாடமா இருக்கு, சொல்றேன். ஏதும் தகவல்னா அவ வந்து சொல்லுவா. எங்கூடப் பேசாட்டியும் அதச் சொல்ல வாசல் வரைக்கும் வந்துதான ஆகணும்.

பென்சன் வந்துட்டா வருசத்துக்கு ஒரு தடவ ஆளு உசுரோட இருக்கான்னு பாக்க வருவீகளாமே, பாத்திமுத்து சொன்னா. நீங்களேதான வருவீக? வர்றதுக்கு முந்தின நாளே சொல்லிருங்க தாயி, வீட்டுல இருங்கன்னு. மொதப் பென்சன்ல ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுருவேன். அதப் பாத்துட்டு வசதின்னு எழுதிராதீக. அது எனக்கில்ல, வர்றவுகளுக்கு.